1932 விமான அஞ்சல் கவர் அசலா? முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள்

பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குப் போன ஒரு பழைய கவர். முன்பக்கத்தில் 'முதல் விமான அஞ்சல்' என்று ஆங்கிலத்தில் ஒரு ரப்பர் முத்திரை. மயங்கி வாங்கிவிட்டேன். கவர் அசல், தபால்தலை அசல், அஞ்சலக முத்திரைகளும் அசல். அந்த ரப்பர் முத்திரை மட்டும் பின்னாளில் யாரோ குத்தியது. அதைக் கண்டுபிடித்த வழிதான் இது. கவரை எப்படிப் பிடிப்பது, எதில் வைப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை.

1. விமானம் போன ஊர்களையும் தேதிகளையும் எழுதிக்கொள்ளுங்கள்

கவரைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். என் கவரின் ரப்பர் முத்திரை சொன்ன முதல் பயணம் இதுதான். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்கு புஸ் மாத் விமானத்தில் அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக, அங்கே இரவு தங்கி, 16ஆம் தேதி மெட்ராஸ் சேர்ந்தார். இந்த ஊர்களும் தேதிகளும் ஒரு துண்டுத்தாளில் இருந்தால் போதும்.

(விமான அஞ்சல் என்றால் முழுக்க வானத்தில்தான் போயிருக்கும் என்று நினைக்காதீர்கள். 1929 மார்ச் 30 அன்று லண்டனில் கிளம்பிய முதல் கராச்சி அஞ்சல், பாசெல் நகரிலிருந்து ஜெனோவா வரை ரயிலில்தான் போனது!)

2. காலம் தப்பிய பொருள் இருக்கிறதா?

ஒரு நிமிட வேலை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆட்சியின் 1935 வெள்ளிவிழா தபால்தலை 1932 கவரில் இருக்க முடியாது. பால்பாயிண்ட் பேனா கடைக்கு வந்தது 1940களில்தான். முகவரியில் பின்கோடு இருந்தால், அது 1972க்குப் பிறகு எழுதியது. சிரிக்காதீர்கள், இப்படியும் விற்கிறார்கள்.

3. பின்முத்திரை

நான் சறுக்கிய இடம் இது. அந்நாளில் கவர் சேர்ந்த ஊரில், பின்பக்கம் ஒரு தேதி முத்திரை குத்துவார்கள். என் கவரில் மெட்ராஸ் முத்திரை மங்கலாக, '16 அக்டோபர்' போலத் தெரிந்தது. விற்றவரும் அப்படித்தான் சொன்னார். ஆறு மாதம் கழித்து 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். இரண்டாவது இலக்கத்தின் உச்சியில் ஒரு சின்னக் கிடைக்கோடு. 6க்கு அது ஏது? அது 5. அதாவது விமானம் மெட்ராஸில் இறங்குவதற்கு முந்தைய நாளே கடிதம் வந்துவிட்டது! சாதாரணமாக ரயிலில் வந்த கடிதம், அவ்வளவுதான்.

அதனால் மங்கலான இலக்கத்தைக் கண்ணால் ஊகிக்காதீர்கள். அதே அஞ்சலகத்தின் தெளிவான முத்திரை ஒன்றைத் தேடி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புறப்பட்ட தேதி, விமானம் பறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றும் ஒரே பயணத்தைச் சொல்லவேண்டும். அப்புறம் கட்டணம்: சாதாரணக் கடிதத்துக்கான தபால்தலை மட்டும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள், அன்று விமானத்துக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் இருந்தது.

4. லென்ஸும் புற ஊதா விளக்கும்

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். தபால்தலையிலிருந்து கவருக்கு முத்திரைக் கோடு முறியாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் தபால்தலையைப் பின்னால் மாற்றி ஒட்டியிருக்கலாம். புற ஊதா விளக்கில் 365 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதை மட்டுமே வாங்குங்கள். மலிவான 395 டார்ச் எல்லாவற்றையும் ஊதாவாக்கிக் குழப்பும். இருட்டறையில் கவர் தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், அதில் வெண்மையூட்டி (தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம்) இருக்கிறது; 1932 தாளில் அது கிடையாது.

பின்சேர்க்கை: ஒரு வாசகர் தன் கவரில் ஒரு மூலை மட்டும் ஒளிர்வதாக எழுதினார். பதற வேண்டாம், அது பின்னாளில் கிழிசலை ஒட்டிய தாளாகவோ பசையாகவோ இருக்கலாம். விலை குறையும், ஆனால் போலி என்று ஆகாது. பின்முத்திரையே இல்லாத கவர் பற்றி இன்னொருவர் கேட்டார். எல்லாக் கவரிலும் குத்தியிருக்க மாட்டார்கள் என்பதால் அதையும் உடனே ஒதுக்காதீர்கள். ஆனால் பின்முத்திரை உள்ள கவரின் விலைக்கு நான் அதை வாங்க மாட்டேன்.