காரின் தோல் இருக்கையைத் துடைக்கவும் புதுப்பிக்கவும்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் பதனிடும் ஊர்கள் நிறைந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்திலும், காரின் தோல் இருக்கை வெளிறினால் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, மேற்பூச்சு இல்லாமல் விடப்பட்ட தோலில் எண்ணெய் ஊறும். ஆனால் பெரும்பாலான கார் இருக்கைத் தோலின்மேல் நிறமிப் பூச்சும், அதைக் காக்கும் பாலியூரித்தேன் பூச்சும் இருப்பதால், எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே தங்கித் தூசியைப் பிடித்துப் பிசுபிசுக்கிறது. நாம் துடைப்பதும் செப்பனிடுவதும் பெரும்பாலும் இந்தப் பூச்சைத்தான்.

எனவே முதலில் பொருள் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தோல் இருக்கை என்று விற்கப்படும் பல கார்களில் உடல் படும் நடுப்பகுதி மட்டுமே தோலாகவும், பக்கங்களும் முதுகுப்புறமும் ரெக்சினாகவும் இருக்கும். இருக்கையின் அடியில் வெட்டு விளிம்பு தெரிந்தால், பின்புறம் நாராக இருப்பது தோல், நெய்த துணியாக இருப்பது ரெக்சின். தோல்தான் என்றால் மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது உருண்டு நின்றால் பூச்சு நலமாக உள்ளது, ஊறி இருண்டால் அங்கே பூச்சு தேய்ந்துவிட்டது அல்லது தொடக்கத்திலிருந்தே இல்லை.

துடைப்பதற்கு முன் தையல் இடுக்குகளிலும் துளையிட்ட பகுதியிலும் உள்ள மணலை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மணல் கிடக்கும்போது தேய்த்தால் அதுவே பூச்சை அரித்துவிடும். தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது என்பதால், காரத்தன்மை மிகுந்த துணிச்சோப்பும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் ஆகாது. தோலுக்கென்றே விற்கும் மென்மையான கிளீனரை வாங்கிக்கொள்ளுங்கள். அதை இருக்கையில் ஊற்றாமல் பிரஷில் எடுத்து நுரையாக்கி, ஒரு முழ அளவு இடத்தை மட்டும் மெதுவாகச் சுழற்றித் தேய்த்து, நுரை காய்வதற்குள் ஈர மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு மிகுந்தது. அது காய்ந்தால் வெண்படலம் விடும் என்பதால், துணியை நனைக்க ஆர்.ஓ. நீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ நல்லது. பக்கவாட்டுத் தையலுக்குள் ஏர்பேக் உள்ள இருக்கைகளில் அந்தத் தையலை நனைக்காதீர்கள்.

மிகுதியான அழுக்கு தலைசாய்ப்பிலும் ஸ்டீயரிங்கிலும் இருக்கும். தலைக்கு வைத்த எண்ணெயும் உள்ளங்கை வியர்வையும் பூச்சையே இளக்கிவிடக் கூடியவை என்பதால், இவ்விரண்டை மட்டும் மற்றவற்றைவிட அடிக்கடி துடைப்பது தகும். குங்குமம் சிந்தினால் ஈரத்துணியை எடுக்காமல், முதலில் உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். பேனா மைக்கு ஸ்பிரிட் போட்டால் மையோடு நிறமும் வந்துவிடும்.

வெடிப்பு விழுந்த தோலில் வெடித்திருப்பது மேற்பூச்சு மட்டுமா, அடித்தோலுமா என்று விரலால் விரித்துப் பாருங்கள். பூச்சு மட்டும் என்றால் வீட்டிலேயே செய்யலாம். நன்கு துடைத்து உலர்த்தியபின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அந்த இடத்தின் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுத்து, 600 எண் உப்புத்தாளால் விளிம்புகளை மட்டப்படுத்தி, வெடிப்பை நிரப்பும், வளையும் தன்மையுள்ள தோல் ஃபில்லரை மிக மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்த ஒரே பூச்சு உட்காரும்போது மறுபடி வெடிக்கும். மெல்லிய பல பூச்சுகள், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்பதே முறை. பிறகு இருக்கையின் நிறத்துக்குப் பொருந்தும் தோல் வண்ணத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி, முடிவில் பளபளப்பில்லாத மேற்பூச்சு இடுங்கள். பளபளக்கும் பூச்சு இட்டால் பழுது பார்த்த இடம் தனியே தெரியும். அடித்தோல் கிழிந்திருந்தால், பின்னால் துணி வைத்து ஒட்டத் தெரிந்த இருக்கை தைப்பவரிடம் கொடுப்பதே சரி.

இந்த வேலைகளைக் கத்திரி வெயிலில், மூடிய காருக்குள் செய்யாதீர்கள். கிளீனர் துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகும், வண்ணமும் சீராகப் பரவாது. காலை வேளையில், நிழலில், கதவுகளைத் திறந்து வைத்துச் செய்து, புதிய பூச்சு இட்ட இருக்கையில் குறைந்தது ஒரு நாளாவது உட்காராமல் விட்டுவிடுங்கள்.