ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து) துறைமுகம் வரை: தேயிலைத் தூள் நமுத்துப்போகாமல் அனுப்புவது எப்படி?

காலித் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பியதில் மலைநாட்டுச் சரக்குக்கும் பங்குண்டு. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1875இல் அடிக்கல் நாட்டிய கொழும்பு அலைதடுப்புச் சுவர் 1885இல் முடிந்தது. அதே ஆண்டு ரயில் நானுஓயாவைத் தொட்டது. தேயிலை ஏலமும் 1883 முதல் கொழும்பில்தான். ஆக, கொழுந்து நம்முடையது, விலை அங்கே. அந்த விலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்.

ட்ரையரை (தூளை உலர்த்தும் இயந்திரத்தை) விட்டு வரும் தூளில் ஈரம் 3 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். சலித்துத் தரம் பிரிக்கும்போதே அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். மழை நாளில் சலிப்பறை ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சலித்ததை மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். மூட்டை கட்டுமுன் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் (ஒன்றாக ஏலத்துக்குப் போகும் ஒரே தரத் தொகுதியிலும்) 5 கிராம் எடுத்து, 103 பாகை செல்சியஸ் அடுப்பில் 6 மணி நேரம் வைத்து, ஆறவிட்டு நிறுங்கள். 4.80 கிராம் நின்றால் ஈரம் 4 சதவீதம். 4.65க்குக் கீழே இறங்கினால் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்தத் தூளை அனுப்பாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். திரும்பச் சூடு காட்டினால் ஈரம் போகும், கூடவே மணமும் கொஞ்சம் போகும்.

சூடு ஆறிய பிறகே உள்ளுறை போட்ட காகித மூட்டையில் அடையுங்கள்.

அடுத்தது லொறி. கொழும்பிலிருந்து கருவாடோ மண்ணெண்ணெயோ ஏற்றி வந்த லொறி வேண்டாம். கழுவினாலும் வாடை பலகையில் நிற்கும், தூள் அதை இழுத்துக்கொள்ளும். கழுவிய பலகை ஈரமாகவும் இருக்கும். ஹட்டனில் வெயில் அடித்தாலும் படங்கைக் கட்டியே லொறியை மலையிலிருந்து இறக்குங்கள். வழியிலுள்ள கினிகத்தேனை மழை கேட்டு வருவதில்லை.

ஏலத்தில் வாங்கியவர் கொள்கலனில் ஏற்றும்போது ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருப்பவர் கதவை மூட வேண்டும். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் கொள்கலனை மாற்றச் சொல்லுங்கள். கொழும்புச் சூட்டில் மூடிய பெட்டி குளிர்நாட்டை நெருங்கும்போது அதன் கூரை உள்ளே வியர்த்து மூட்டைமேல் சொட்டும். அதற்காகத்தான் ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறார்கள். மூட்டைக்கு அடியில் போடும் மரத்தட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா பாருங்கள். அந்த முத்திரை பூச்சிக்கு மட்டும்தான் பொறுப்பு. மரம் காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.