ஊர்த்தொண்டைப் பாராட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து, பங்குனி, சித்திரை மாதங்களில் வயல்வேலை ஓய்ந்திருக்கும் காலத்தில் காவிரிப் படுகையின் ஊர்களில் பாராட்டு விழாக்கள் மிகுதியாக நடைபெறுகின்றன. நற்பணி மன்றங்களும் வணிகர் சங்கங்களும் பொன்னாடை போர்த்திக் கேடயம் வழங்குகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றில் காணப்படும் முதற்குறை, பாராட்டப்படுபவர் செய்தது என்ன என்பது எங்கும் எழுதப்படாமல் போவதே. ‘சிறந்த சமூக சேவகர்’ என்று கேடயத்தில் பொறித்துவிட்டால் போதும் என்று கருதிவிடுகிறார்கள். அந்தச் சொற்களை எவர் பெயருக்குக் கீழேயும் பொறிக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தவர்களுக்கு இந்தக் குறை இன்னும் உறுத்தும். முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் தனித்தனியே வெட்டச் செய்தான். பொன்னாயின் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் நிறுத்த எடை குறிக்கப்பட்டது. நாவிதம் செய்தவரின் பெயரும் அங்கே இருக்கிறது. ஒரு பாராட்டு மடலில் எந்த வாய்க்கால், எந்தத் தெரு, எந்த ஆண்டு, எத்தனை பேருக்குப் பயன் என்ற விவரங்கள் இல்லையென்றால் அம்மடலை எழுதியவர் விசாரிக்கவே இல்லை என்றுதான் பொருள்.

விசாரணை இல்லாத இடத்தில் பதவியும் பணமும் முன்னே வந்து நிற்கும். பந்தல் செலவை ஏற்றவருக்கே விருதும் கிடைப்பது நம் ஊர்களில் புதிதன்று. நன்கொடை தந்தவருக்கு நன்றி சொல்வது முறைதான். ஆனால் அந்த நன்றியை விருது என்ற பெயரில் சொல்லக் கூடாது. தேர்வுக் குழுவினரின் உறவினரும் அந்த ஆண்டுப் பட்டியலில் இடம்பெறாதிருப்பது நல்லது. படுகைக்கு வெளியேயுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியம் என்னும் ஊர்நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர்களை மட்டுமன்றி அவர்களுடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்விலிருந்து விலக்கியது. இன்றைய குழுக்கள் அந்தக் கண்டிப்பில் பாதியைக் கடைப்பிடித்தாலும் போதுமானது.

பேரிடர் நாட்களில் கண்ணுக்குப் பட்டவரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மற்றொரு தவறாகும். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது உணவுப் பொட்டலம் கொடுத்தவர்களின் தொண்டு பெரிதுதான். ஆயினும் மேட்டூரில் தண்ணீர் திறக்கும் சூன் 12க்கு முன்பே மதகின் அடைப்பை நீக்கவும் வாய்க்காலைத் தூர்வாரவும் ஆள் சேர்ப்பவர், வயல்களுக்கு முறைவைத்து நீர் விடும் இரவுகளில், தண்ணீர் முதலில் சேரும் தலைமடைக்காரர்களிடம் பேசிச் சண்டை வராமல் பார்த்துக்கொள்பவர் ஆகியோரின் உழைப்பு புகைப்படத்துக்குள் வருவதில்லை. சண்டை நடக்காதபோது அதைத் தடுத்தவர் யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே தேர்வுக் குழுவினர் கடைத்தெருவில் கேட்டுவிட்டுத் திரும்பாமல், தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடை உழவர்களிடம் போய் ‘யார் சொன்னால் கேட்பீர்கள்?’ என்று கேட்பது பயன் தரும். ஊரின் தலைமை யாரிடம் இருக்கிறது என்பது அந்த விடையில் தெரிந்துவிடும்.

எந்தத் தெருவில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். குடியானத் தெருவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் பட்டியல், ஊரின் பட்டியல் ஆகாது. தொழிலாளர் குடியிருப்பிலிருந்து ஒருவரை மேடையேற்றிவிட்டு, அவருக்குக் கடைசி வரிசை நாற்காலியைக் காட்டும் விழாவை நடத்தாமலே இருக்கலாம். பெண்களை ‘இன்னாரின் மனைவி’ என்று அழைப்பிதழில் அச்சிடுவதும் இதைச் சேர்ந்த பிழையே. கீழத் தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத்தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், அந்த நிலங்களைப் பெண்களின் பெயரில் பதிவு செய்வித்தார். அவரும் அவர் கணவரும் 1981இல் தொடங்கிய லாஃப்டி (உழுவோர் விடுதலைக்கான நிலம்) அமைப்பின் பணி அது. ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2008ஆம் ஆண்டில் அவருக்கும் அவர் கணவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. கூட்டாகச் செய்த பணிக்கு ஒருவரை மட்டும் உயர்த்திக் காட்டினால், அடுத்த ஆண்டு அந்தக் கூட்டம் சேராமலே போகலாம்.

விழா நடைமுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உரியவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். தூய்மைப் பணியாளரையோ சுமை தூக்குபவரையோ அழைத்தால் ஒரு நாள் கூலியை ஈடுகட்ட வேண்டும். சிறப்பு விருந்தினரின் உரை, விருது பெறுபவரைப் பற்றிய உரையைவிட நீளக் கூடாது. மேடை அமைக்க வசதியில்லாத ஊர்கள், சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம். என் கருத்தில் பொன்னாடையைவிட அந்தப் பதிவே மேலானது.

உள்ளூர்ப் பாராட்டோடு நில்லாமல் பத்ம விருதுக்குப் பரிந்துரைக்க விரும்புவோர், விண்ணப்பத்துடன் தர வேண்டிய பணிக்குறிப்பு 800 சொற்களைத் தாண்டக் கூடாது என்பதை மறந்துவிட்டு, வாழ்த்துரைகளையே அடுக்கிவிடுகிறார்கள். எந்தக் குடிமகனும் பரிந்துரைக்கலாம். தன்னைத் தானே பரிந்துரைக்கவும் தடையில்லை. ஆனால் மருத்துவர்களும் அறிவியலாளர்களும் நீங்கலாக, பணியிலிருக்கும் அரசு ஊழியர்கள் அதற்குத் தகுதியுடையவர்கள் அல்லர். மறைந்தவர்களுக்குப் பொதுவாக வழங்கப்படுவதில்லை என்பதால், காலம் தாழ்த்துவதும் தவறே. விருது கிடைத்த பிறகு வரவேற்பு நோட்டீசில் ‘பத்மஸ்ரீ’ என்பதைப் பெயருக்கு முன் பட்டமாக அச்சிடும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். பெயரின் முன்னும் பின்னும் அவ்வாறு சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.