கொன்றது கிராம்பெண்ணெயா, வேறு ஏதாவதா? பற்காரைச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவி அகார் பிளேட்டை (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) நீட்டி, "மேடம், 22 மில்லிமீட்டர்!" என்றார். கிராம்பெண்ணெய் சேர்த்து அவரே தயாரித்த பற்பசை. பசை வைத்த குழியைச் சுற்றி, பற்சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி வளராத தெளிவான வட்டம். "எண்ணெய் சேர்க்காத வெறும் பேஸ் பிளேட் எங்கேம்மா?" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. என் முகமும் ஒருநாள் அப்படி வாடியதுதான்.

கையுறை, லேபிள் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேஸைத் தனியாகச் சோதிக்காமல் விடுவது

என் முதுகலை ஆய்வில் எட்டு மாதம் இதே பசையோடுதான் மல்லுக்கட்டினேன். வைவாவில் தேர்வாளர் இதே கேள்வியைத்தான் கேட்டார். திரும்பி வந்து எண்ணெய் இல்லாத பசையை வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட அதே வட்டம்! நுரைக்காகச் சேர்த்த சோடியம் லாரில் சல்பேட்டே கிருமியைக் கொன்றிருக்கிறது. கிராம்பெண்ணெயின் முக்கியப் பொருளான யூஜினாலுக்கு நான் எழுதிக் கொடுத்த பெருமையெல்லாம் சோப்புக்குரியது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன்.

மவுத்வாஷிலும் இதே கதைதான். எண்ணெயைக் கரைக்க எத்தனால் சேர்த்தால், அதே அளவு எத்தனால் மட்டும் உள்ள குழி ஒன்று வேண்டும். எண்ணெயை நீரில் கலக்க வைக்கும் ட்வீன் 80 சேர்த்தால் அதற்கும் ஒன்று. ட்வீனில் இன்னொரு வம்பு உண்டு. மவுத்வாஷ்களில் சேர்க்கும் கிருமிநாசினியான குளோரெக்சிடினின் வீரியத்தை முறிக்க ஆய்வகங்களில் வேண்டுமென்றே சேர்க்கும் பொருள் அது. எல்லாம் சமமாக இருக்கட்டும் என்று 0.2% குளோரெக்சிடினிலும் அதைக் கலந்துவிட்டு, "எங்கள் எண்ணெய் குளோரெக்சிடினையே வென்றது" என்று எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ட்வீன் கலந்தது, கலக்காதது என இரண்டையும் வையுங்கள்.

வட்டத்தை மட்டும் நம்புவது

எண்ணெய் அகாரில் சரியாக ஊடுருவாது. அதனால் வட்டம் சிறிதாக இருந்தால் எண்ணெய் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து பாருங்கள். ஆனால் எண்ணெய்க் குழம்பே பால்போலக் கலங்கியிருக்கும். கலங்கலை அளக்கும் கருவி அதையும் கிருமி வளர்ச்சியாகவே காட்டும். கிருமி சேர்க்காத எண்ணெய்க் குழி ஒன்றை ஒப்பிட வையுங்கள். அப்புறம் பிளேட்டில் பரப்பிக் காலனிகளை எண்ணுங்கள்.

பக்கத்துக் குழி

96 குழித் தட்டில் எண்ணெயின் ஆவி தாவும். மருந்தில்லாமல் கிருமி மட்டும் வளரும் வளர்ச்சிக் கன்ட்ரோலுக்குத் தனித் தட்டு.

பாலிஸ்டைரீன் குழாயில் எண்ணெயைச் சேமிப்பது

பிளாஸ்டிக் இளகும். பழுப்புக் கண்ணாடிக் குப்பி.

எண்ணெயின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது

ஈறு வெந்துவிடும்.

சுக்ரோஸ் இல்லாத ஊடகம்

பற்காரை என்பது பல்லில் ஒட்டி அடுக்கடுக்காக வளரும் படலம். சுக்ரோஸ் கிடைத்தால்தான் மியூட்டன்ஸ் குளுக்கான் என்ற பசையைச் செய்து கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவு அந்தப் படலத்துக்குப் போதாது. ஊடகத்தில் 1% சுக்ரோஸ் சேர்த்து, உமிழ்நீர் பூசிய ஹைட்ராக்ஸிஅபடைட் (பல்லின் முக்கியக் கனிமம்) வில்லையில் ஒருநாள் வளரவிட்டு, பிறகு மருந்தில் ஒரு நிமிடம் மட்டும் அமிழ்த்துங்கள். மவுத்வாஷை யாரும் 24 மணி நேரம் வாயில் வைத்திருப்பதில்லை.