உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் ஆவணங்களை மீளப் பெறும் வழிமுறை

போராலோ துன்புறுத்தலாலோ ஊரைவிட்டு விரட்டப்பட்டவர் நாட்டின் எல்லையைக் கடக்காதவரை, 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அவருக்குப் பொருந்தாது. அவரைக் காக்கும் முதற்பொறுப்பு அவருடைய அரசையே சாரும். விரட்டியதே அந்த அரசாக இருந்தால் நிலைமை சிக்கலாகிவிடும் என்பதால், மதம், இனம் போன்ற விவரங்களைத் தருவதற்கு முன் அவற்றை யார் பார்ப்பார்கள் என்று கேட்டறியுங்கள்.

தங்குமிடத்தில் பதிவு செய்யும்போது, குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பெயரும் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டுள்ளதா என்று சரிபாருங்கள். அடையாளச் சான்று தொலைந்திருந்தால், பழைய ஊருக்குத் திரும்பிப் போய் விண்ணப்பிக்குமாறு அதிகாரிகள் சொல்லக்கூடும். உள்நாட்டு இடப்பெயர்வு குறித்து 1998இல் ஐ.நா.விடம் அளிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளின் 20ஆம் நெறி, அத்தகைய நியாயமற்ற நிபந்தனையை விதிக்கக் கூடாது என்றும், பெண்களுக்கு அவர்கள் பெயரிலேயே ஆவணம் வழங்க வேண்டும் என்றும் கூறுகிறது. அந்நெறிகள் சட்டம் போல் கட்டுப்படுத்துபவை அல்ல என்றாலும், விண்ணப்பத்தில் அதைச் சுட்டி, மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

விட்டுவந்த நிலத்தைப் பற்றி நினைவு மங்குமுன் எழுதிவையுங்கள்: நான்கு எல்லைகள், கிணறு இருக்கும் மூலை, அண்டை வீட்டாரின் பெயர்கள், கடைசியாக வரி கட்டிய ஆண்டு. மின்கட்டண ரசீதுகூட உரிமைக்குத் துணைச் சான்றாகலாம். நெருக்கடியில் எவரேனும் நீட்டும் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

பிரிந்துபோன உறவினரைத் தேட, செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தை அணுகலாம்; அச்சேவைக்குக் கட்டணமில்லை.