காலை 8 மணி நாடகம்: ஜப்பானுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒசாகாவுக்கு வந்த புதிதில், அலுவலகத்தில் காலையில் எல்லாரும் எதைப் பேசுகிறார்கள் என்றே எனக்குப் புரியாது. அது ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் காலை நாடகம், செல்லமாக 'அசாடோரா'. 1961 முதல் வருகிறது, இப்போது தினம் 15 நிமிடம். பழக விரும்புகிறவர்களுக்கு நான் பழகிய வழி இது.

1. ஏப்ரல் தொடக்கத்திலோ இலையுதிர் காலத்திலோ தொடங்குங்கள். ஆண்டுக்கு இரண்டு நாடகம்: முதலாவதை டோக்கியோவும் அடுத்ததை ஒசாகாவும் தயாரிக்கின்றன. நடுவில் நுழைந்தால் கதாநாயகியின் சிறுவயது தெரியாமல் போய்விடும்.

2. திங்கள் முதல் வெள்ளி வரை 8 மணி. தவறினால் மதியம் 12:45. சனிக்கிழமை வருவது அந்த வாரச் சுருக்கம் மட்டுமே.

3. உட்கார்ந்து பார்க்காதீர்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, தெரியாத சொல்லையெல்லாம் எழுதி, மூன்று முறை பாதியில் விட்டேன். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்தேன். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிசோ சூப் கலக்கியபடியே கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த நாடக வடிவமே வானொலித் தொடரிலிருந்து வந்தது. காலை வேலையில் இருப்பவருக்கும் கதை விளங்கவேண்டும் என்றுதான் பின்னணிக் குரல் அத்தனையையும் சொல்கிறது. மறுநாள் நானும் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். குரல் ஓய்ந்தபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தேன். அன்றுதான் கதை முழுசாகப் பிடிபட்டது.

வட்டார வழக்கு வந்தால் மட்டும் ரிமோட்டில் 'ஜிமாகு' (வசன எழுத்து) பொத்தானை அழுத்தி எழுத்துகளைப் படியுங்கள். அகராதி வேண்டாம். 2013-இல் வந்த 'அமாச்சான்' நாடகத்தில் வடகிழக்கு ஜப்பானின் இவாதே கடற்கரைப் பெண்கள் வியந்து சொல்லும் 'ஜெஜெஜெ' நாடு முழுக்கப் பரவியது. அப்படிப்பட்ட சொல்லைக் காதால்தான் பிடிக்கமுடியும்.

4. 8:15-க்கு டிவியை அணைக்காதீர்கள். அடுத்து வரும் 'அசாஇச்சி' நிகழ்ச்சியின் தொகுப்பாளர்கள் சற்றுமுன் முடிந்த காட்சியைப் பற்றிப் பேசுவார்கள், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. எனக்கு நாடகத்துக்கு இணையாகப் பிடித்தது இந்த ஓரிரு நிமிடம். ஊரே ஒன்றாகப் பார்த்த உணர்வு அப்போதுதான் வரும்.

இதற்கு டிவிதான் சரி. போனில் இரவு மொத்தமாகப் பார்த்தால் மறுநாள் காலைப் பேச்சில் சேரமுடியாது.

பின்சேர்க்கை: நகோயாவில் இருக்கும் ஒரு வாசகர், என்எச்கேக்காக ரிமோட்டில் 1-ஐ அழுத்தினால் வேறு சேனல் வருகிறது என்று எழுதியிருந்தார். ஒசாகா, டோக்கியோ உள்படப் பல ஊர்களில் 1. நகோயாவில் 3-ஐ அழுத்துங்கள்.