அசெம்பிளி மொழி படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் பொறியியலோ பாலிடெக்னிக்கோ படித்த பலருக்கு அசெம்பிளி, அதாவது சிப்பின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் நிரல் மொழி, என்றால் லேபில் பார்த்த, 8085 சிப் வைத்த பயிற்சி கிட்தான். கீபேடில் ஓபிகோடை (கட்டளைக்கான எண்) தட்டி, இரண்டு எண்களைக் கூட்டி, விடையை 4500 என்ற மெமரி முகவரியில் பார்த்து, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. அந்தச் சிப் 1976இல் வந்தது. "இவ்வளவு பழசை இப்போ எதுக்கு சார்?" என்று மாணவர்கள் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதை வைத்து அசெம்பிளியே செத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டுவது முதல் தவறு. இன்றைக்கு அதை எழுதுகிறவர்கள் குறைவு, வாசிக்க வேண்டியவர்கள் நிறைய. இது பிடிபடாததால்தான் மற்ற பல தவறுகளும் வருகின்றன.

கிட்டில் படிக்கும்போது ஓபிகோடை மனப்பாடம் செய்யாதீர்கள். சிப்புக்குள் மதிப்பைத் தாங்கும் இடங்களில் ஒன்றான பி ரெஜிஸ்டரில் மதிப்பு ஏற்ற 06, கூட்ட 80, நிறுத்த 76 என்பதெல்லாம் வேறு சிப்புக்குப் போனால் உதவாது. உடன் வருபவை வேறு. 4500இல் சேமிக்கச் சொல்லும் கட்டளை 32 00 45 என்று தலைகீழாக ஏன் அடிக்கப்படுகிறது? சின்ன பைட் முதலில் என்ற அதே வரிசைதான் உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் நடக்கிறது. 18ஐயும் 19ஐயும் கூட்டினால் கிட் ஏன் 37 காட்டாமல் 31 காட்டுகிறது? அது ஹெக்ஸ், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட கணக்கு என்பதால். விடையைப் பத்தின் கணக்குக்குத் திருத்தும் டிஏஏ கட்டளையைச் சேர்த்தால் 37 வரும், அது எப்படி என்று யோசித்தாலே கேரி (எட்டு பிட்டைத் தாண்டி மிஞ்சுவது), ஆக்ஸிலியரி கேரி (கீழ் நான்கு பிட்டிலிருந்து மேலே போவது) இரண்டும் புரிந்துவிடும். வைவாவில் கேட்க வேண்டியதும் இதைத்தான். கேட்பது என்னவோ சிப்பின் பின் (pin) எண்கள்.

அடுத்தது, எல்லோரும் விழும் குழி: 'அசெம்பிளியில் எழுதினால் வேகமாக ஓடும்.' 80களில் இது பெரும்பாலும் உண்மை. இப்போது சி நிரலை மெஷின் கோடாக மாற்றும் ஜிசிசி, கிளாங் மாதிரியான கம்பைலர்கள் தரும் மெஷின் கோடை, புதிதாகக் கற்றவர் கையால் எழுதி முந்துவது அபூர்வம். ஒரு எண்ணை 10ஆல் வகுக்கச் சொன்னால் நீங்கள் வகுத்தல் கட்டளையைத்தான் போடுவீர்கள். கம்பைலரோ, வேகமாக்கச் சொல்லும் ஆப்டிமைசேஷன் போட்டால் அதைத் தொடாது. ஒரு பெரிய எண்ணால் பெருக்கி, பிட்டுகளை வலப்பக்கம் நகர்த்தி அதே விடையை வாங்கிவிடும், ஏனென்றால் வகுத்தலைவிடப் பெருக்கல் மலிவு. லூப் எண்ண என்றே இன்டெல் வகையான எக்ஸ்86 சிப்புகளில் ஒரு தனிக் கட்டளை உண்டு. பழைய பாடங்களில் எல்லாம் அதுதான் வரும். ஆனால் இன்டெல்லின் இன்றைய சிப்புகளில் ஒன்றைக் கழித்து ஜம்ப் செய்வதுதான் அதைவிட வேகம். அதோடு, வேகத்தைக் கெடுப்பது பல நேரம் கட்டளைகளே அல்ல. தேவையான டேட்டா கேஷில் (சிப்புக்குள் இருக்கும் வேகமான சின்ன மெமரி) இல்லாமல் மெயின் மெமரிக்குப் போனால் நூற்றுக்கணக்கான கிளாக் சைக்கிள்கள் வீணாகும். அரேயை எந்த வரிசையில் தொடுகிறோம் என்பதை சி நிரலில் மாற்றினாலே கிடைக்கும் லாபம், நாலு நாள் அசெம்பிளியோடு மல்லுக்கட்டினாலும் கிடைக்காது. முதலில் அளந்து பாருங்கள். அப்புறம் கம்பைலர் தந்த கோடை வாசியுங்கள். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச இணையக் கருவியில் சி நிரலும் அதன் அசெம்பிளியும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

இதைக் கேட்டுவிட்டு 'அப்போ எங்குமே தேவையில்லை' என்று மறுகோடிக்குப் போவதும் தவறுதான். ஏவி1 என்ற வடிவிலான வீடியோவை ஓடவைக்கும் டேவிட் (dav1d) என்ற டிகோடர் மென்பொருளில் கையால் எழுதிய அசெம்பிளி மிக அதிகம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பூட் ஆகும் முதல் அடிகளும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடமும் அசெம்பிளிதான்.

கைக்கெட்டும் உதாரணம் வேண்டுமென்றால், வீராம்பட்டினம் ஆடித் தேர் மாதிரி விழாக்களுக்குக் கட்டும், நிறம் மாறும் எல்இடி சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரவலாகக் கிடைக்கும் டபிள்யூஎஸ்2812 வகையில் ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ செகண்ட்தான் நேரம். அதில் சுமார் 0.4 மைக்ரோ செகண்ட் சிக்னல் மேலே இருந்தால் பூஜ்யம், 0.8 இருந்தால் ஒன்று. ஆர்டுவினோ ஊனோ ஆர்3 என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு ஓடுவது 16 மெகாஹெர்ட்ஸில், அதாவது பிட்டுக்கு 20 சைக்கிள். பின்னை ஏற்றி இறக்க வழக்கமாக எழுதும் டிஜிட்டல்ரைட் ஃபங்ஷன் ஒருமுறை ஓடவே ஒரு முழு பிட்டைவிட அதிக நேரம் எடுக்கும். அதனால்தான் இந்தச் சரங்களை இயக்கும் நியோபிக்சல் லைப்ரரி உள்ளுக்குள் அசெம்பிளியில் சைக்கிள் எண்ணி எழுதப்பட்டிருக்கிறது. அனுப்பும் நேரத்தில் இன்டரப்டையும் (நடுவில் குறுக்கிடும் அவசர வேலைகள்) அது நிறுத்திவைக்கும். சரம் நீளமானால் ஆர்டுவினோவில் நேரம் சொல்லும் மில்லிஸ் கணக்கு ஏன் பின்தங்குகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அங்கே பார்க்கலாம்.

பழைய பாடத்தை அப்படியே புதிய கணினியில் அடிப்பது இன்னொரு வகை. டாஸ் காலத்தில் இயங்குதளத்தை அழைத்த இன்ட் 21 கட்டளை இன்றைய விண்டோஸில் நேரடியாக ஓடாது, டாஸைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் வேண்டும். லினக்ஸில் வரும் சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. 32 பிட் எக்ஸ்86இல் எழுத உதவும் ரைட் என்ற சிஸ்டம் காலின் (இயங்குதளத்திடம் வேலை சொல்லும் அழைப்பு) எண் 4, எக்ஸிட் 1. 64 பிட்டில் அவை 1, 60. 32 பிட்டில் சிஸ்டம் காலுக்குப் போடும் பழைய இன்ட் 80 கட்டளை 64 பிட் நிரலிலும் பெரும்பாலும் ஓடும், அதுதான் வம்பு. அது முகவரியின் கீழ் 32 பிட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால், ஸ்டாக்கில் (ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் மெமரிப் பகுதி) இருக்கும் எழுத்துகளை அச்சிடச் சொன்னால் திரையில் ஒன்றும் வராது, நிரலும் சத்தமில்லாமல் முடிந்துவிடும். போனில் இருக்கும் 64 பிட் ஆர்ம் சிப்பில் எண்கள் மறுபடி வேறு: 64, 93. எந்தச் சிப், எந்த இயங்குதளம், எத்தனை பிட் என்று பார்க்காமல் ஒரு வரியையும் காப்பி அடிக்காதீர்கள். புதிதாகத் தொடங்குவோருக்கு என் பரிந்துரை ரிஸ்க்-ஃபைவ் (RISC-V) என்ற சிப் வகை. அதன் அடிப்படைத் தொகுப்பில் சுமார் 40 கட்டளைகள்தான், ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசரும் இதே வகை.

சி நிரலோடு சேர்த்து எழுதும்போது இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். 64 பிட் லினக்ஸ் எக்ஸ்86இல் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் முன் ஸ்டாக்கின் உச்சி முகவரியை வைத்திருக்கும் ஸ்டாக் பாயிண்டர் 16இன் மடங்காக இருக்க வேண்டும். தவறினால் திரையில் அச்சிடும் பிரின்ட்எஃப் சில நேரம் ஓடும், சில நேரம் விழும். இன்னொன்று, சிக்கு நடுவில் நுழைத்த அசெம்பிளி எந்த ரெஜிஸ்டரை மாற்றுகிறது என்று கம்பைலரிடம் சொல்லாமல் விடுவது. ஆப்டிமைசேஷன் இல்லாதவரை எல்லாம் சரியாக ஓடும், போட்டதும் சம்பந்தமில்லாத இடத்தில் மதிப்பு கெடும். பழியைக் கம்பைலர் மேல் போடாதீர்கள்.

சேதராப்பட்டிலோ கடலூர் சிப்காட்டிலோ கண்ட்ரோலர் போர்டு வேலைக்குப் போகிறவருக்கு இதெல்லாம் எங்கே உதவும் என்றால், ஹார்டு ஃபால்ட் வரும்போது, அதாவது சிப் பெரிய பிழையில் சிக்கி நிரல் நின்றுபோகும்போது. போர்டை ரீசெட் செய்து 'சரியாகிவிட்டது' என்பது பலர் செய்யும் தவறு. கார்டெக்ஸ்-எம் வகை ஆர்ம் சிப் அந்த நேரத்தில் எட்டு ரெஜிஸ்டர்களின் மதிப்புகளை ஸ்டாக்கில் எழுதிவைக்கிறது. அதில் எந்தக் கட்டளையில் இருந்தது என்று சொல்லும் பிசி ரெஜிஸ்டரின் மதிப்பை எடுத்து, நிரலை அசெம்பிளியாகக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவி தரும் பட்டியலில் அந்த முகவரியைத் தேடுங்கள். அங்கே மெமரியைத் தொடும் கட்டளை இருந்தால், முகவரியைத் தாங்கும் ரெஜிஸ்டரில் பூஜ்யமோ குப்பை மதிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பாயிண்டர் தவறு என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.